சோற்றுப் பானையை ஆராய்ந்த சான்றோர் – சர் இராபர்ட் மெக்காரிசன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஓர் ஊசியால் உயிர் பிழைத்தவன் அந்த ஊசியைப் போட்ட மருத்துவரை வாழ்நாளெல்லாம் வாழ்த்துவான். நோயே வராமல் தப்பித்தவனுக்கோ, யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதுகூடத் தெரியாது. அதனால்தான் நோய் தீர்த்தவர்களுக்குச் சிலை வைக்கும் உலகம், நோய் வரும் வழியை அடைத்தவர்களை எளிதில் மறந்துவிடுகிறது. அப்படி மறக்கத்தகாத ஒருவர் சர் இராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தில் பிறந்து, நம் தமிழகத்துக் குன்னூர் மலையில் அமர்ந்து, நாம் உண்ணும் சோற்றையே ஆராய்ச்சிப் பொருளாக்கியவர். அவருடைய ஆராய்ச்சியை ஒருமுறை சிக்கனத்தின் பேரால் அரசு மூடியது. மூடிய கதவு மீண்டும் திறந்தது. அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இந்தியப் பயணமும்

மெக்காரிசன் 1878-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் வட அயர்லாந்திலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. நம்மில் முதுகலை படிக்கும் அண்ணன்மார்களின் வயது! அந்த வயதில் அவருக்குக் கிடைத்த இடம் வசதியான நகரத்து மருத்துவமனை அன்று. இந்துகுஷ் மலைத்தொடரில், ஆப்கானிஸ்தானை ஒட்டிய சித்ரால் என்னும் மலைநாட்டில் படைவீரர்களுக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார்.

அங்கே கோடைதோறும் வீரர்களை மூன்று நாள் காய்ச்சல் ஒன்று வாட்டியது. மருந்து கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்ப்பதுதான் வழக்கமான மருத்துவரின் வேலை. இவரோ, இந்தக் காய்ச்சல் ஏன் இந்தப் பருவத்தில் மட்டும் வருகிறது என்று கேட்டார். மணல் ஈ என்னும் சிறு பூச்சியின் கடியே காரணம் என்ற கருத்துக்கு வந்தார். ஏன் என்று கேட்கும் அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

பிறகு கில்கிட் பகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே பலருடைய கழுத்தில் கழலை தொங்கியது. ஒரே கால்வாயின் ஓரமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டு ஊர்கள் இருந்தன. மெக்காரிசன் ஊர் ஊராக நடந்து கழலை உள்ளவர்களை எண்ணினார். தண்ணீர் முதலில் வந்து சேரும் மேலூரில் கழலை குறைவு. ஒவ்வோர் ஊரின் அழுக்கும் கலந்து இறங்க இறங்க, கீழூர்களில் அது கூடிக்கொண்டே போயிற்று. தனி ஊற்று நீரைக் குடித்த பக்கத்து ஊரிலோ நோய் இல்லை. இதைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. அந்த நீரை வடிகட்டியபின் தங்கிய கசடைத் தாமே நாள்தோறும் குடித்தார். விரும்பி முன்வந்த சிலரும் குடித்தனர். சில வாரங்களில் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. அதே கசடைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1913-இல் இலண்டனில் மருத்துவ அறிஞர்கள் முன்னிலையில் இந்த ஆய்வை மில்ராய் சொற்பொழிவாக விளக்கினார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கழுத்துக்கழலைக்கு முதன்மையான காரணம் அயோடின் குறைவு என்பது பின்னாளில் உறுதியாயிற்று. மெக்காரிசன் கண்டது முழுக்கதையில் ஒரு பகுதிதான். நம் நாட்டில் 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வின் வழியாக டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அயோடின் கலந்த உப்பின் பயனை மெய்ப்பித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குவதுதான் அறிவியல். தொடங்குவதற்கு விட்ட இடம் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் ஆராய்ச்சியை நடுவில் நிறுத்துவது அத்தனை பெரிய இழப்பாகிறது.

கில்கிட்டுக்கு அப்பால் ஹன்சா என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அங்குள்ள மக்களின் உடல்நலம் அவரை வியக்க வைத்தது. தவிடு நீக்காத தானியம், காய்கறி, பாதாமி வகைப் பழங்கள், கொஞ்சம் பால் ஆகியவையே அவர்களின் உணவு. மருத்துவம் என்பது நோயாளியைப் பார்த்துப் படிப்பது மட்டுமன்று, நோயில்லாதவனைப் பார்த்தும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது அங்கேதான்.

குன்னூரின் ஓர் அறை

போர்ப்பணியை முடித்துக்கொண்டு 1918-இல் மெக்காரிசன் நீலகிரிக்கு வந்தார். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்கி வந்தது. வெறிநாய்க்கடிக்கு ஊசி தயாரித்த அந்த நிறுவனத்தில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. அந்த ஒற்றை அறையில் பெரிபெரி நோய் பற்றிய விசாரணை தொடங்கியது.

பெரிபெரி என்பது என்ன? கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிரும் போகும். கிழக்காசிய நாடுகளில் சோறுண்ணும் மக்களைப் பல ஆண்டுகளாக வாட்டிய நோய் இது. ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு இது போன்ற வாதம் வருவதையும், தவிட்டைக் கொடுத்தால் அது தீர்வதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டார். 1910-இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம், வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியை இடைவிடாது உண்பதே இந்த நோயோடு தொடர்புடையது என்று தீர்மானம் நிறைவேற்றி அரசுகளுக்கு அறிவித்தது. 1912-இல் ஃபங்க் என்பவர் வைட்டமின் என்ற பெயரைச் சூட்டினார். நாம் உயிர்ச்சத்து என்கிறோம்.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசி கொடுத்தார். அவை கழுத்தைப் பின்னுக்கு வளைத்து விழுந்தன. நரம்புகளோடு நிற்காமல் குடல், இரைப்பை, நாளமில்லாச் சுரப்பிகள் என்று ஒவ்வோர் உறுப்பையும் வெட்டிப் பார்த்தார். குரங்குகளுக்கு உயிர்ச்சத்துக் குறைந்த உணவைக் கொடுத்தபோது அவற்றின் குடலே புண்பட்டுப் போனதைக் கண்டார். வயிறு நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்க முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆராய்ச்சிகளில் இதுவும் ஒன்று. 1921-இல் இவற்றையெல்லாம் தொகுத்துக் குறைநோய்கள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்.

அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா இடத்திலும் இல்லை. வடக்கே, இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில்தான் மிகுதி. தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இரு பகுதியாரும் சோறுதான் உண்டார்கள். வேறுபாடு பானையில் இருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலும் உமியின் உட்புறத்திலும் உள்ள பி-1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் அரிசி ஆலையைக் கடந்து செல்லும்போது நெல் அவியும் மணம் மூக்கில் ஏறுமே, அந்த மணத்துக்குள் நம் பாட்டன் பாட்டிகளின் உயிரைக் காத்த வேதியியல் அடங்கியிருக்கிறது. அவர்கள் பி-1 என்ற பெயரை அறியமாட்டார்கள். ஆனால் அதை இழக்காத வழியைக் கைக்கொண்டிருந்தார்கள். மெக்காரிசனும் நாரிஸ் என்ற அறிஞரும் சேர்ந்து அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய ஆய்வேடு 1924-இல் வெளிவந்தது.

இன்னொரு சுவையான செய்தி. இந்தப் பி-1 உயிர்ச்சத்தின் வேதியமைப்பைக் கண்டு, 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க வேதியியலார் இராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில்!

விழுந்தது கோடரி

ஆராய்ச்சி இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் இந்திய அரசின் கருவூலம் வற்றியது. ஆண்டுதோறும் பற்றாக்குறை. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்க்க 1922-இல் இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமர்த்தப்பட்டது. அவர் பெரிய கப்பல் கம்பெனியின் தலைவர், கணக்கில் புலி. 1923-இல் குழு அறிக்கை கொடுத்தது. படைச் செலவு முதல் ரயில்வே வரை எல்லாவற்றின் மீதும் கத்தி பாய்ந்தது. மருத்துவ ஆராய்ச்சியும் தப்பவில்லை. 1911 முதல் நாட்டின் மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் வழங்கி வந்த இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் மானியமும் வெட்டுக்கு உள்ளாயிற்று. குன்னூரின் பெரிபெரி விசாரணை 1923-இல் மூடப்பட்டது.

அதே 1923-இல்தான் உப்பு வரி இரட்டிப்பாக்கப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. சட்டசபை மறுத்தும் வைசிராய் தம் தனியதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்குக் கூடுதல் வரி; அந்தக் கஞ்சியில் என்ன குறை என்று பார்த்தவருக்குக் கதவடைப்பு. இரண்டும் ஒரே வரவுசெலவுக் கணக்கின் இரண்டு பக்கங்கள்.

கணக்குப் பிள்ளையின் பார்வையில் அது நியாயமாகவே தோன்றியிருக்கும். பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளைகள் உட்காருகிறார்கள். புறா கழுத்தைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதற்குச் சம்பளம்? ஆராய்ச்சியின் பயன் நாளைக்கு வருவது. அதன் செலவோ இன்றைக்கே வருவது. அதனால் சிக்கனம் என்று வரும்போது முதலில் தலை கொடுப்பது ஆராய்ச்சியாகவே இருக்கிறது.

அறிஞர் அவையின் விடை

அன்றைக்கு இந்தியாவில் அறிவியல் கழகங்கள் இளம்பருவத்தில் இருந்தன. இந்திய அறிவியல் மாநாடு தொடங்கியதே 1914-இல்தான். சர் சி. வி. இராமன் பெங்களூரில் அறிவியல் கழகத்தை நிறுவியது 1934-இல். ஆகவே அரசிடம் உரத்துப் பேசும் அமைப்புகள் அதிகம் இல்லை. ஆனாலும் நாடெங்கும் சிதறிக் கிடந்த மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அகில இந்திய மருத்துவ ஆராய்ச்சியாளர் மாநாடு என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். 1924-இல் கூடிய அந்த மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 1926-இல் மீண்டும் கூடி அதையே வலியுறுத்தியது.

அந்தத் தீர்மானத்தின் சாரத்தைச் சொல்கிறேன். தடுக்கக்கூடிய நோய்களால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் பேர் மடிகிறார்கள். தடுக்கக்கூடிய நோயால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு மூன்று வார வேலைநாட்களை இழக்கிறார்கள். நோயாலும் ஊட்டக்குறைவாலும் சராசரி மனிதனின் உழைப்புத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. பிறக்கும் குழந்தைகளில் பாதிப்பேரே சம்பாதிக்கும் வயதை எட்டுகிறார்கள். இந்த இழப்பெல்லாம் பல நூறு கோடி ரூபாய் பெறும். நாட்டின் வறுமைக்கும் பணமுடைக்கும் பெருங்காரணமே இந்த நோய்தான். ஆகவே பணமில்லை என்பது ஆராய்ச்சியைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது. உடனே ஆராய்வதற்கே அது காரணம்.

நண்பர்களே, இந்த வாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். அவர்கள் கெஞ்சவில்லை. அறிவியலின் பெருமையைப் பாடவில்லை. கருவூலக்காரர் எந்தக் கணக்கைக் காட்டி வெட்டினாரோ, அதே கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டினார்கள். செலவுப் பக்கத்தில் ஆராய்ச்சியை எழுதியவர், வரவு வராமல் போன பக்கத்தில் நோயை எழுத மறந்துவிட்டார் என்று எடுத்துரைத்தார்கள். எட்டணா மிச்சம் பிடிக்க எருதைப் பட்டினி போட்ட உழவன் கதைதான் இது. அந்தத் தீர்மானத்தை நாடெங்கும் பலர் எடுத்துப் பேசினார்கள்.

எலிகள் சொன்ன பாடம்

1925-இல் குன்னூரின் கதவு மீண்டும் திறந்தது. இம்முறை பெரிபெரி மட்டுமன்று. குறைநோய்கள் விசாரணை என்ற விரிந்த பெயர். மெக்காரிசன் இப்போது வெள்ளை எலிகளை வளர்த்தார். விலங்கியல் மாணவர்களாகிய நமக்கு அவருடைய முறை மிகவும் பிடிக்கும்.

ஆரோக்கியமான எலிக் கூட்டத்துக்கு வடநாட்டுச் சீக்கிய உழவர்களின் உணவு தரப்பட்டது. முழுக்கோதுமைச் சப்பாத்தியில் வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட்டும் முட்டைக்கோசும், பால், வாரம் ஒருமுறை எலும்போடு கொஞ்சம் இறைச்சி, தண்ணீர். இதோடு தூய்மை, வெயில், காற்று. அந்தக் கூட்டத்தில் இரண்டாண்டுக்கு மேலாக நோயென்று ஒன்று வரவில்லை. எலிக்கு இரண்டு வயது என்றால் மனிதனுக்கு முதுமை தொடங்கும் வயது. குறைபட்ட உணவை உண்ட எலிகளுக்கோ நுரையீரல், வயிறு, தோல், கண், சிறுநீர்ப்பை என்று எங்கெங்கும் நோய். சிறுநீர்ப்பையில் கல் உண்டாவதையும் உணவை மாற்றியே செய்து காட்டினார்.

அடுத்து, இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிக் குழுக்களுக்குத் தனித்தனியே கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம். பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் என்று எடை இறங்கிக்கொண்டே போய், கடைசி இடம் மதராசி உணவுக்கு! இங்கிலாந்து ஏழைகளின் உணவையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரைத் தேநீர், வேகவைத்த காய், டப்பா இறைச்சி இவற்றை உண்ட எலிகள் குறுகிப் போயின, பராமரிப்பவரைக் கடித்தன, இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று கொன்று தின்னத் தொடங்கின.

மதராசி கடைசி என்பதைப் படித்ததும் நம் முகம் சுருங்கும். அது இனத்தின் குறையா? அன்று. எலிக்கு இனம் ஏது, மொழி ஏது? எல்லாம் ஒரே வகை எலிகள். தட்டு மட்டுமே வேறு. படைக்கு ஏற்ற வீர இனம், ஏற்காத இனம் என்று ஆட்சியாளர் பேசிய காலத்தில், வேறுபாட்டின் பெரும்பகுதி தட்டில் இருக்கிறது என்று அந்த எலிகள் சொல்லிவிட்டன. தட்டை மாற்றினால் மனிதன் மாறுவான். தீட்டிய சோறு மலைபோல், பருப்பு கடுகளவு, பால் நினைவில் மட்டும் என்றிருந்த ஏழையின் தட்டைத்தான் அவர் மதராசி உணவு என்று எடைபோட்டார்.

ஆனால் மதராசி என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை தட்டுகள்! அதே மாகாணத்தில்தான் கல்வராயன் மலையும் இருந்தது. அங்கே மலையாளி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, உரலில் குத்தி உண்டார்கள். வெள்ளிமலைப் பக்கம் எங்கள் உறவுக்காரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். இளமையில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தவிர, நெல்லுச் சோறு திருவிழாவுக்குத்தான் என்பார். இன்று அதே மலைச்சரிவில் மரவள்ளி நிற்கிறது. சாமைக் கொல்லை சுருங்கிவிட்டது. அடுப்பில் கொதிப்பது நியாயவிலைக் கடை அரிசி. பசியைப் போக்கிய அந்த அரிசியை நான் குறை சொல்லமாட்டேன்; எங்கள் வீடும் அதில்தான் வளர்ந்தது. வயிறு நிறைந்தபின் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கேள்வியை நூறாண்டுக்கு முன்பே கேட்டவர் மெக்காரிசன்.

அண்மை ஆண்டுகளில் நியாயவிலைக் கடைகளில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி வருகிறது. அதிலுள்ள நிறம் மாறிய மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவில் சிலர் பொறுக்கி எறிகிறார்கள். ஆலையில் தவிட்டைப் போக்கி, பிறகு சத்தை வெளியிலிருந்து சேர்க்கிறோம். சேர்த்ததை மக்கள் எறிகிறார்கள். இந்த வட்டத்தை விளக்கிச் சொல்ல யாராவது வேண்டாமா? அந்தத் தெருவில் அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், அது அவன் கடமையல்லவா?

மண்ணும் தானியமும்

உணவை ஆராய்ந்தவர் அது விளையும் மண்ணையும் விடவில்லை. கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலாராக இருந்த பி. விஸ்வநாத்துடன் சேர்ந்து 1926-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தொழுஉரம் இட்டு விளைந்த சிறுதானியமும் கோதுமையும், இரசாயன உரம் இட்டு விளைந்தவற்றைவிடச் சத்து மிகுந்தவை என்று அவர்கள் கண்டார்கள். பின்னாளில் இயற்கை வேளாண்மையைப் பேசியவர்கள் இந்த ஆய்வைப் பெரிதும் போற்றினார்கள். ஓர் ஆய்வின் முடிவை எல்லா நிலத்துக்கும் அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் வயலையும் வயிற்றையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்த்த அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. லின்லித்கோ பிரபு தலைமையில் இந்திய வேளாண்மையை ஆராய வந்த அரச ஆணையத்திடமும் அவர் தம் கருத்துகளை எடுத்துரைத்தார். உழவன் நன்றாக உழைக்க அவன் நன்றாக உண்ண வேண்டும் என்பதை 1928-இல் வெளிவந்த அந்த ஆணையத்தின் அறிக்கையும் பொருட்படுத்தியது.

அதே 1928-இல் குன்னூரின் ஓரறை விசாரணை, ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையாக உயர்ந்தது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார். ஐந்தே ஆண்டுகளுக்கு முன் வீண்செலவு என்று மூடப்பட்டது அதுவே! இன்னொரு செயலும் குறிப்பிடத்தக்கது. ஆராய்ச்சி ஏடுகளோடு நிற்காமல், இந்தியப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் படிப்பதற்காக உணவு என்ற பெயரில் எளிய சிறுநூல் ஒன்றையும் எழுதினார். ஆய்வகத்தில் கண்டது அடுப்பங்கரைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய உறுதி.

இறுதிக் காலம்

1933-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு இலண்டனின் ராயல் கலைக் கழகத்தில் ஊட்டச்சத்தும் உடல்நலமும் என்பது பற்றிக் காண்டர் சொற்பொழிவுகள் ஆற்றினார். குன்னூர் எலிகளின் கதையை ஆங்கிலேயர் வியந்து கேட்டனர். 1939-இல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்ட மருத்துவர்கள், தங்கள் நாட்டு மக்களின் நோய்களுக்குத் தவறான உணவே பெருங்காரணம் என்று ஓர் அறிக்கை விடுத்தபோது, மெக்காரிசனின் ஆய்வுகளையே சான்றாகக் கொண்டார்கள். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவ மேற்படிப்பை நடத்தும் பொறுப்பையும் ஏற்றுப் பணியாற்றினார். 1960 மே 18-இல் மறைந்தார்.

அவர் நட்ட மரம் ஆலமரமாயிற்று. அவருக்குப்பின் வந்த டாக்டர் அய்க்ராய்டின் காலத்தில், 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை வெளியாயிற்று. அரிசி, சாமை, முருங்கைக்கீரை, புளி என்று நாம் உண்பதில் என்னென்ன எவ்வளவு உள்ளது என்பதை எண்ணிக் காட்டிய ஏடு அது. பின்னாளில் டாக்டர் சி. கோபாலன் முதலியோர் அந்தப் பணியை விரிவாக்கினர். சத்துணவுக்கூடத்தில் குழந்தைக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு கீரை என்று கணக்கிட இத்தகைய அட்டவணை இல்லாமல் முடியுமா? 1911-இன் ஆராய்ச்சி நிதிச் சங்கம் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. குன்னூர் ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது.

நமக்கு எதற்கு இந்தக் கதை?

இஞ்ச்கேப்பின் கோடரி 1923-உடன் ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2017-இல் அந்நாட்டு அரசு, தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையங்களின் நிதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வெட்ட முன்மொழிந்தது. உயிரியல், மருத்துவக் கழகங்கள் ஒன்றுசேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கணக்கை எடுத்து வைத்தன. அவ்வாண்டு ஏப்ரல் 22-இல் அறிவியலுக்கான ஊர்வலங்கள் உலகின் பல நகரங்களில் நடந்தன. முடிவில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிதியை வெட்டாமல் கூட்டியே கொடுத்தது. 2025-இல் மீண்டும், இம்முறை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வெட்டும் முன்மொழிவு வந்தது. அறிவியல் கழகங்கள் மீண்டும் எழுந்தன. நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டு 9-இல் பல நகரங்களில் அறிவியலாளர்களும் மாணவர்களும் ஊர்வலம் சென்றார்கள். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு மூன்று பங்கை அறிவியலுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 2020-21-இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 0.64 விழுக்காடே.

இதெல்லாம் டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் உரிய பேச்சு, கள்ளக்குறிச்சிக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேருந்துக்குக் காசில்லாமலும், பெயரளவுக் கட்டணத்திலும், மக்கள் வரிப்பணத்தில் படிக்கிறேன். என்னைப் போன்றவர்கள் இந்தக் கல்லூரியில் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். எங்கள் படிப்பும் ஒரு கணக்குப் பிள்ளைக்கு, பயன் உடனே தெரியாத செலவாகவே தோன்றும். அதனால் ஆராய்ச்சிச் சாலை ஒன்று மூடப்படும் செய்தியைப் படிக்கும்போது, அது வேறு யாருக்கோ நடப்பதாக என்னால் நினைக்க முடியவில்லை. நாளைக்கு நம்மில் ஒருவர் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டால், அவர் உட்கார ஓர் அறை திறந்திருக்க வேண்டும். அந்த அறை சிறியதாக இருந்தாலும் போதும் என்பதற்குக் குன்னூரே சாட்சி.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கில்கிட்டில் மெக்காரிசன் முதலில் செய்தது ஊர் ஊராக நடந்து எண்ணியதுதான். அதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. காலும் ஏடும் எழுதுகோலும் போதுமாயிருந்தன. நம் துறையில் அறிவியல் மன்றம் இருக்கிறது. வரும் ஆண்டில் மன்றத்தார் நான்கைந்து குழுக்களாகப் பிரிந்து, மலையடிவார ஊர்களிலும் மலைமேல் ஊர்களிலும் வீட்டுக்கு வீடு சென்று, இன்று என்ன சமைத்தார்கள், முப்பது ஆண்டுகளுக்கு முன் என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அதை அட்டவணையாக்கி அடுத்த மலரில் வெளியிடலாம். செறிவூட்டிய அரிசி மணியை எறிய வேண்டாம் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லி வரலாம். நம் கணக்கு நம் கையில் இருந்தால்தான், வெட்டுக் கணக்கோடு ஒருவர் வரும்போது எதிர்க்கணக்கு வைத்துப் பேச முடியும்.